எங்கள் தோட்டத்து மேரிகள்

எங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை பிறந்து இருபது நாளாகியும் பெயரில்லாமல் கிடந்தது. பெயர் கிடைக்காமல் அல்ல. என் மருமகள் ஒரு பெயரைச் சொல்லிவிட்டாள், அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அந்தப் பெயர் மேரி.

என் வயதுக்காரர்களே, இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். நாம் சின்னவர்களாக இருந்த காலத்தில், கொட்டாஞ்சேனையில் பூசை முடிந்து சனம் கலையும்போது கோயில் வாசலில் நின்று "மேரி" என்று கூப்பிட்டால் பெண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இன்றைக்கு அந்தப் பெயரை வைக்கலாமா என்று ஒரு வீட்டில் மூன்று வாரம் வழக்கு நடக்கிறது.

கனடாவில் இருக்கும் என் மகள் போனில் முகத்தைக் காட்டி, "அம்மா, இங்க மேரி எண்டு ஒருத்தியைக் கண்டா அவளுக்கு எண்பது வயசாவது இருக்கும்" என்றாள். வெள்ளவத்தையிலிருந்து வந்த சம்பந்தியம்மா எண்சாத்திரக்காரரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஷ, ஜ என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டுமாம். அவர் சைவம், அவருக்கு அது சரி. எங்கள் வேதக்காரச் சொந்தங்களும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துப் பயபக்தியோடு தலையாட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மகன் வழக்கம்போல எல்லாப் பக்கமும் தலையாட்டினான். மருமகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர்தான் "மேரி? ஹரி ஷோக் நமக்!" என்று சிங்களத்தில் பெயரை மெச்சினார். அவருக்கு எங்கள் வீட்டில் வாக்குரிமை இல்லை.

எல்லாரையும்விட உறுதியாக வேண்டாம் என்றவள் நான். வத்தளை வீட்டில் மாமியார் என்ற முறையில் என் சொல் இன்னும் கொஞ்சம் செல்லும். "அது அடி வாங்கினவங்கட பேர், பிள்ளை. வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மேரி என் அம்மாவின் பெயர். அம்மாவைக் கடைசி நான்கு வருடமும் குளிப்பாட்டி, தலை வாரி, சோறு ஊட்டிப் பார்த்தவள் இந்த மருமகள்தான், நான் அல்ல. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு பழைய கசப்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று சொல்வதற்கு ஒரு ஒக்டோபர் மாதத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கொழும்பில் தோட்டம் என்றால் பூச்செடி தேடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பொதுக் குழாய், அதைச் சுற்றிப் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருபது வீடுகள், அவ்வளவுதான் எங்கள் தோட்டம். துறைமுகத்தில், எங்கள் பேச்சில் ஹாபரில், சங்கு ஊதினால் எங்கள் வீட்டு எனாமல் கோப்பைகள் நடுங்கும். மழை தொடங்கினால் நனைந்த சாக்கு, கொப்பரா, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை எழும்பும். அந்த வாடையை முகர்ந்தால் இன்றைக்கும் எனக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததுபோலப் பசிக்கும்.

அந்த இருபது வீட்டில் பதினொரு மேரிகள். பிள்ளை தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று தாய்மார் மாதாவுக்கு நேர்ந்து நேர்ந்து வைத்த பெயர் அது. ஆளுக்காள் அடையாளம் வேண்டுமே, அதனால் படுக்கையோடு கிடந்தவள் கிழட்டு மேரி, அவளுக்கு அடுத்து மூத்தவள் பெரிய மேரி, தைப்பவள் தையல் மேரி, குழாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரி குழாயடி மேரி, என் அம்மா மூலைவீட்டு மேரி. எனக்கு மட்டும் அம்மா வேறு பெயர் வைத்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு மேரி காணும், போதும்" என்பார். அதில் எனக்குச் சின்ன வயதில் மனத்தாங்கல் உண்டு.

வீட்டிலக்கம் இல்லாத தோட்டம் அது. மேரி என்று மட்டும் எழுதி ஒரு கடிதம் வந்தால் தபால்காரர் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. "மேரி நோனாட்ட லியுமக்!" என்று கடிதம் வந்ததைச் சிங்களத்தில் கத்திச் சொல்லி, பெரிய மேரியின் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவார். பெரிய மேரி உறையைப் பார்ப்பாள். ஆள் பிடிபட்டால் அனுப்பிவிடுவாள். பிடிபடாவிட்டால் குழாயடியில் எல்லா மேரிகளையும் கூட்டி, உடைத்து, உரக்க வாசிப்பாள். வாசித்து முடிப்பதற்குள் யாராவது ஒருத்தி "ஐயோ, அது எனக்கு!" என்று பறித்துக்கொண்டு ஓடுவாள். எங்கள் தோட்டத்தில் இரகசியம் என்று ஒன்று வாழ வழியில்லை.

ஒக்டோபர், அதாவது ஜெபமாலை மாதத்தின் முதல் வாரத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தது. பெரிய மேரி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வாசித்தாள்.

"அன்புள்ள மேரிக்கு, நான் சுகம். உன் சுகமும் பிள்ளையின் சுகமும் அறிய ஆவல். மேரி, நான் உனக்குச் செய்தது பெரும் பிழை. குடியை விட்டு ஆறு மாதமாகிறது. பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நிற்கிறது. நீ வா என்று எழுதினால் வருவேன். எழுதாவிட்டால் வரமாட்டேன். அது உன் விருப்பம், மேரி. இப்படிக்கு, நான்தான்."

யாரும் பறித்துக்கொண்டு ஓடவில்லை. புருஷனின் பெயரைப் பெண்சாதி சொல்லக்கூடாது, அவரும் பெண்சாதிக்கு எழுதும் கடிதத்தில் பெயர் போடமாட்டார், அப்படி ஒரு காலம் அது. கையெழுத்து அச்சுப்போல இருந்தது. எங்கள் தோட்டத்து ஆண்கள் ஒருவருக்கும் அப்படி எழுத வராது, யாரிடமோ சொல்லி எழுதுவித்திருந்தார்கள். விலாசம் சிலாபத்தில் ஒரு மீன்வாடி. புருஷன் விட்டுவிட்டுப் போன மேரிகள் தோட்டத்தில் மூன்று பேர். மூவருக்கும் ஒவ்வொரு பிள்ளை. மூவரும் அடிபட்டவர்கள். மூவரின் புருஷன்மாரும் குடித்தவர்கள். தையல் மேரி, குழாயடி மேரி, என் அம்மா.

என் அப்பா ஹாபரில் கிரேன் ஓட்டியவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அம்மாவின் நெற்றியைப் பிளந்துவிட்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லை. நான் அவரை வெறுத்திருக்க வேண்டும். ஆனால் சம்பள நாளில் எனக்கு முதலை வடிவத்தில் சுட்ட கிம்புலா பணிஸ் வாங்கிவந்து, அதன் வாலை முதலில் கடிக்கச் சொல்லிச் சிரிப்பவரும் அவர்தானே. கடிதத்தில் "பிள்ளையின் முகம்" என்று வந்ததுமே அது என் முகம் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

சிலாபத்துக்கு ஆளனுப்பிப் பார்க்கலாமே என்றாள் தையல் மேரி. பெரிய மேரி கேட்கவில்லை.

"ஆளைக் கண்ட பிறகு மன்னிக்கிறது லேசு. காணமுதல் சொல்லுங்கோ. வந்து வாசல்ல நிக்கிற மனிசனைத் திருப்பி அனுப்ப ஏலாது. மூண்டு பேரும் ஓம் எண்டா 'வா' எண்டு எழுதுவம். ஒருத்தி மாட்டன் எண்டாலும் எழுத மாட்டம்."

தன் புருஷனா என்று தெரியாமலே அவனை ஏற்றுக்கொள்வாயா என்று மூன்று பெண்களைக் கேட்கிறாள்! இன்று நினைத்தால் என்ன துணிச்சல் என்று தோன்றுகிறது. அன்று, சீக்கிரம் ஓம் என்று சொல்லுங்களேன் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

தையல் மேரி உடனே ஓம் என்றாள். குழாயடி மேரி முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, "வரட்டும், பிள்ளைக்கு அப்பா வேணும்" என்றாள். எல்லாரும் என் அம்மாவைப் பார்த்தார்கள்.

"மாட்டன்" என்றார் அம்மா. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரிய மேரி ஒன்பது நாள் தவணை கொடுத்தாள், நவநாள் கணக்கு. அந்த ஒன்பது நாளும் எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. தையல் மேரி வந்து கெஞ்சினாள். குழாயடி மேரி வந்து அழுதாள். மற்ற மேரிகள் தண்ணீர் வரிசையில் அம்மாவின் வாளியைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். "கல்நெஞ்சுக்காரி, தான் வாழாட்டி மத்தவளும் வாழக்கூடாதாம்" என்று பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து காதுபடப் பேசினார்கள். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்து வாசலில் போய் நின்று, சந்தியில் திரும்பும் ஒவ்வொரு ஆணையும் பார்ப்பேன். பதில் போடாமலே அப்பா வந்துவிடக்கூடும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. ஏழாம் நாள் அம்மா சாப்பிடத் தந்த பாண் துண்டைத் தட்டிவிட்டு, மற்றவர்கள் சொன்ன அதே கல்நெஞ்சுக்காரி என்ற சொல்லை நானும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா விழுந்த பாணை எடுத்துத் தட்டித் தூசி போக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் பின்னேரம், ஜெபமாலை முடிந்து எல்லாரும் குழாயடியில் நின்றபோது அம்மா வந்தார்.

"வரட்டும். ஆனா கடிதத்தில ஒண்டு எழுத வேணும்."

"என்ன?" என்றாள் பெரிய மேரி.

"எங்கட சுவரெல்லாம் பலகை, அக்கா. ஒரு வீட்டில இருமினா நாலு வீட்டுக்குக் கேட்கும். அடிக்கிறது கேட்காதா? எல்லாருக்கும் கேட்டது. புருஷன் பெண்சாதி விசயம் எண்டு எல்லாரும் கதவைப் பூட்டினனாங்கள். எனக்கு அடி விழேக்க நீங்க பூட்டினீங்க. இவளுக்கு விழேக்க நான் பூட்டினனான். சத்தம் வெளியில கேட்டா வெட்கம் எண்டு சீலையை வாயில அடைச்சுக்கொண்டு அடி வாங்கினனாங்கள். இனிமே அப்பிடி இல்ல எண்டு எழுத வேணும். சத்தம் கேட்டா எல்லாக் கதவும் திறக்கும் எண்டு எழுத வேணும். எழுதினா நான் ஓம். இல்லாட்டி செத்தாலும் மாட்டன்."

அடிபட்டதைப் பற்றி அந்தத் தோட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பெரிய மேரி விரலால் தன் காதோரத்தைத் தடவினாள். பெரிய மேரிக்குக் காதோரம் ஒரு பழைய தழும்பு உண்டு. அது எதனால் வந்தது என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது.

"கொப்பியை எடுத்து வா, பிள்ளை" என்றாள் என்னிடம்.

பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். மைக்கூட்டையும் தொட்டெழுதும் பேனாவையும் கொண்டுவந்து, கொப்பியின் நடுத்தாளை உருவி எழுதினேன். வாருங்கள். பழையதைக் கிளற மாட்டோம். ஆனால் மறுபடி அடிக்கிற சத்தம் கேட்டால் இந்தத் தோட்டத்தில் எல்லாக் கதவும் திறக்கும். இப்படிக்கு, மேரி.

"ஒரு மேரி காணாது" என்று பெரிய மேரி பேனாவை வாங்கித் தன் பெயரைக் கீழே எழுதினாள். பிறகு தையல் மேரி. பிறகு குழாயடி மேரி, பிறகு என் அம்மா, பிறகு எழுதத் தெரிந்த மற்ற மூன்று பேர். எழுதத் தெரியாத நான்கு பேர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். படுக்கையில் கிடந்த கிழட்டு மேரியின் வீட்டுக்குத் தாளைக் கொண்டுபோய் விரலைப் பிடித்து அழுத்தினோம். அந்த விரலடையாளமும் அந்த நான்கில் ஒன்று. எல்லாம் முடிந்தபோது தாளின் கீழே மேரி, மேரி, மேரி என்று இறங்கி, நடுநடுவே நீல ரேகைகளோடு, பதினொரு பேர் நின்றார்கள். நான் அந்தத் தாளைப் பார்த்தபடியே இருந்தேன். ஒரு பெயருக்கு இவ்வளவு பாரம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உறையில் போட மனமே வரவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு, மாதா சுற்றுப்பிரகாரத்துக்குத் தோட்டம் தயாராகிக்கொண்டிருந்த நேரம், ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு சாக்கு. நான் தலை பின்னிய பாதியில் எழும்பி ஓடினேன். கிட்டப் போனதும் கால்கள் நின்றுவிட்டன. அது குழாயடி மேரியின் புருஷன்.

அவருக்கு உடனே தன் வீட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை. சாக்கைத் திறந்து, தாளில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலங்களை எடுத்தார். எண்ணிப் பதினொன்று. முதல் வீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மேரியின் வாசலிலும் ஒன்றைக் கொடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வாசலில் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்கோ, அண்ணை" என்றார். அம்மாவின் முகத்தில் ஏமாற்றமே இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. "உங்களாலதான் அப்பா வரேல்ல, ஒன்பது நாளா மாட்டன் மாட்டன் எண்டு இருந்தீங்களே" என்று கத்தினேன். கணக்குப் பொருந்தாத குற்றச்சாட்டுத்தான். ஆனால் ஒன்பது வயதில் வைத்த குற்றச்சாட்டை நான் அறுபது வருடம் கைவிடவில்லை என்றால் என்னை என்ன சொல்வது? அப்பா பிறகும் வரவில்லை. தையல் மேரியின் புருஷனும் வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. அடுத்த தவக்காலத்தில் ஒரு பின்னேரம், குழாயடி வீட்டில் ஆண்குரல் உயர்ந்தது. ஏதோ விழுந்து உடைந்தது. "அடிக்க வாறான்!" என்று குழாயடி மேரி கத்தினாள். வாயில் சீலை இல்லாமல், முழுத் தொண்டையில். எங்கள் அம்மா அரைவாசி உரித்த வெங்காயத்தோடு எழும்பிக் கதவைத் திறந்தார். அடுத்த கதவு திறந்தது. அதற்கடுத்தது. தையல் மேரி வாயில் நூலோடு வந்தாள், பெரிய மேரி கையில் அகப்பை, ஒருத்திக்குத் தலை முழுக்கச் சவர்க்கார நுரை. கிழட்டு மேரியின் கதவும் திறந்தது, படுக்கையிலிருந்தே கைத்தடியால் தள்ளியிருக்க வேண்டும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். அந்த ஆள் வாசலுக்கு வந்து பார்த்தார், கையைத் தொங்கவிட்டார், படியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் மணியடித்து எல்லாரும் முழந்தாளிடும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. எனக்குத் தெரிய அந்த வீட்டில் அதற்குப் பிறகு அடி விழவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் அந்தப் பெயரை வேண்டாம் என்றேன். கதவுகள் திறந்ததை மறந்து, அம்மா மாட்டேன் என்றதைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் இரண்டு நாள் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பிள்ளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமி, உங்கட அம்மா என்னட்ட ஒண்டு சொன்னவங்க."

"கடிதக் கதையோ? அதுக்குப் பதில் எழுதினதே நான்தானே."

"அந்தக் கடிதம் தனக்கு இல்ல எண்டு அவங்களுக்கு அப்பவே தெரியுமாம்."

கீரையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"உங்கட அப்பாவுக்கு அவங்க மாமா மகள்தானே. கலியாணத்துக்கு முதலும் பிறகும் மச்சாள் எண்டுதானாம் கூப்பிடுவார். மேரி எண்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லையாம். கடிதத்தில வரிக்கு வரி மேரி மேரி எண்டு இருந்ததாம்."

எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு மேல் ஒரே அறையில் "மச்சாள்" என்ற அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆசை காதை அடைத்துவிட்டது.

"அப்ப ஏன் மாட்டன் எண்டு நிண்டவ? எனக்கில்ல எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா தன்னை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினமாம், மாமி. மற்ற ரெண்டு பேரும் ஓம் எண்டு உடனே எழுதியிருப்பாங்களாம். வாற ஆள் திரும்பவும் அடிப்பார், திரும்பவும் எல்லாரும் கதவைப் பூட்டுவாங்க. அதுக்காகத்தான், என்ன கேட்டாலும் எல்லாரும் ஓம் எண்டு சொல்லுற வரைக்கும், தனக்கும் பங்கு இருக்கிற மாதிரி நிண்டவங்களாம்."

ஒன்பது நாள்! வராத புருஷனுக்காக அல்ல, இன்னொருத்தியின் புருஷன் வரப்போகிறான் என்பதற்காக, வாளியைப் பின்னால் தள்ளியதையும் தாங்கி, பெற்ற பிள்ளை கல்நெஞ்சுக்காரி என்றதையும் தாங்கி நின்றிருக்கிறார் அந்த மனுஷி. எங்கள் அம்மாவுக்கு நான்காம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஒரு தோட்டத்தையே திருத்தப்போகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"என்னட்ட ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிள்ளைக் குரலாகக் கேட்டது.

மருமகள் பிள்ளையை மடியில் மாற்றிக் கிடத்தினாள். "நீங்க ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வாசல்ல நிண்டு பார்த்தீங்களாம். வரமாட்டார் எண்டு தெரிஞ்சுகொண்டே உங்களைப் பார்க்க விட்டவங்களாம். உங்களுக்குச் சொன்னா குழாயடிக்குப் போயிருமே. அதுக்கு மட்டும் உங்களிட்ட மன்னிப்புக் கேட்கத் தனக்குத் துணிவு வரேல்ல எண்டு அழுதவங்க."

நானும் அழுதேன். கீரை முழுக்க வாடிப் போயிற்று. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேரி எண்டே வை" என்றேன்.

நண்பர்களே, இன்றைக்கு இந்தப் பெயர் எடுபடுமா, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இருந்த பயம் வேறு. அந்தக் காலத்து மேரிக்குப் பக்கத்தில் பத்து மேரிகள் இருந்தார்கள். நாங்கள் இருக்கும் வத்தளை ஒழுங்கையில் எல்லாம் கல்சுவர், உயர்ந்த மதில், ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. இவள் தனி மேரி. அந்தப் பயத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குப் போனேன்.

பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்டார். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மேரி என்றாள். சாமியார் புன்னகைத்தபடி தண்ணீரை ஊற்றினார்.

தண்ணீர் பட்டதுதான் தாமதம், பிள்ளை வீரிட்டது. இருபத்தேழு நாள் பிள்ளைக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கோயில் கூரை வரைக்கும் போனது. பின்வாங்கில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள், வெளியே மெழுகுதிரி விற்பவர் எட்டிப் பார்த்தார். சம்பந்தியம்மா பிள்ளையின் வாயில் வைக்கச் சூப்பியைத் தேடிக் கைப்பையைக் கொட்டினார். என் மகன் "ஷ், ஷ்" என்று கையை ஆட்டினான். மருமகள் பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு சேர்த்து அமுக்கப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடு பிள்ளை" என்றேன். "மேரி கத்தட்டும்."